சப்வூஃபர் கேபிள்: எதை வாங்குவது, எப்படி இணைப்பது, ஹம் வந்தால் எங்கே தேடுவது

ஹோம் தியேட்டர் அறையில் ஓடும் கேபிள்களில் மிகச் சுலபமான வேலை சப்வூஃபர் கேபிளுக்குத்தான். சப்வூஃபர், சுருக்கமாக ‘சப்’, என்பது பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர். ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 120 ஹெர்ட்ஸ் வரையுள்ள சிக்னலை ரிசீவரிலிருந்து (எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் மையக் கருவி) சப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். இந்த வேலையைச் சொதப்புகிற கேபிள் கிடைப்பதே அரிது. ஆனாலும் அறையில் அதிகம் வம்பு பண்ணுவது அதே கேபிள்தான். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60. அந்த அதிர்வெண்ணும் அதன் இரட்டிப்பும் சப் பாடும் எல்லைக்குள்ளேயே விழுகின்றன. சின்ன ஸ்பீக்கரில் காதுக்கே எட்டாத மின் இரைச்சல் கேபிளில் ஏறினாலும், சப் அதை எடுத்து ‘உம்ம்ம்’ என்று அறை முழுக்கப் பரப்பிவிடும். இதைத்தான் ஹம் என்கிறோம்.

ஆகவே ‘இந்தக் கேபிளில் பேஸ் எவ்வளவு ஆழமாக வரும்?’ என்று கடையில் கேட்டுப் பயனில்லை. இரைச்சலை எவ்வளவு தூரம் வெளியே நிறுத்தும், பிளக் எத்தனை வருடம் தளராமல் நிற்கும், நீளம் போதுமா என்று பாருங்கள். பணத்தை அங்கே செலவழியுங்கள்.

முதலில் சப்பின் பின்பக்கத்தைப் பாருங்கள்

எந்தக் கேபிள் வேண்டும் என்பதை முடிவு செய்வது சப்தான். பின்பக்கம் கரன்ட் ஒயர், வால்யூம் குமிழ், ஆர்சிஏ ஜாக் (நடுவில் துளையும் வெளியே உலோக வளையமும் கொண்டது) ஆகியவை இருந்தால் அது ஆக்டிவ் சப். ஆம்ப், அதாவது சிக்னலைப் பெருக்கும் பகுதி, அதற்குள்ளேயே இருக்கிறது. ஆர்சிஏ கேபிள் ஒன்று போதும். கரன்ட் ஒயரே இல்லாமல் சிவப்பு, கறுப்பு ஸ்பீக்கர் முனைகள் மட்டும் இருந்தால் அது பாசிவ் சப். அதற்கு வெளியே தனி ஆம்ப் வேண்டும், ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் ஒயர் வேண்டும்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் முதல் தவறு. ரிசீவரின் ‘சப் ப்ரீ அவுட்’ ஜாக்கில் வருவது ஒரு வோல்ட்டை ஒட்டிய மிகச் சிறிய சிக்னல். ஆர்சிஏ கேபிளின் ஒரு முனையை வெட்டிப் பாசிவ் சப்பில் முறுக்கி வைத்தால் சத்தம் வராது. தலைகீழாக, ஆம்பின் ஸ்பீக்கர் முனையை சப்பின் ஆர்சிஏ ஜாக்கில் கொடுத்தால் உள்ளீட்டுப் பகுதி கருகக்கூடும். ஒரே பெட்டியில் முழு செட்டாக வந்த பழைய ஹோம் தியேட்டர்களின் சப் பெரும்பாலும் பாசிவ்தான். அதன் ஆம்ப் டிவிடி பிளேயர் பெட்டிக்குள் இருக்கும். அதைப் புது ரிசீவருடன் நேராகச் சேர்க்க முடியாது.

கேபிளுக்கு முன் இடம்

சப் எங்கே நிற்கப்போகிறது என்று தெரியாமல் கேபிளை அளந்து வாங்குவது, சுவரைத் தோண்டுவது எல்லாம் வீண்வேலை. அறையின் மூலை, சுவர்களின் தூரம் இவற்றைப் பொறுத்து ஓரிடத்தில் பேஸ் இடிக்கும், ஓரடி தள்ளினால் காணாமல் போகும். இடம் பார்க்கும் வழி பழையது, நம்பகமானது: நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் இருக்கையிலேயே சப்பை வையுங்கள். பேஸ் சுரம் மேலும் கீழும் நடக்கிற ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். சப் வைக்கத் தோதான மூலைகளில் தரையோடு குனிந்து கேளுங்கள். எந்த மூலையில் எல்லாச் சுரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ, அங்கே சப் போக வேண்டும். இந்தச் சோதனைக்கு மட்டும் எவ்வளவு மலிவான நீளக் கேபிளும் போதும்.

இடம் முடிவானதும் நீளத்தை நேர்க்கோட்டில் அளக்காதீர்கள். சுவரோரமாக, கதவு நிலையைச் சுற்றி, ரேக்கின் பின்பக்கம் ஏறி, கேபிள் உண்மையில் போகும் வழியில் அளந்து, இரண்டு முனைகளிலும் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை கூட்டுங்கள். ரிசீவரை முன்னால் இழுத்துப் பின்பக்கம் பார்க்க வேண்டிய நாள் கண்டிப்பாக வரும். அதற்காக 4 மீட்டர் தேவைப்படும் இடத்தில் 15 மீட்டர் வாங்கி மிச்சத்தைக் கரன்ட் ஒயரோடு சேர்த்துச் சுருட்டிவைக்கவும் வேண்டாம். மிஞ்சியதை எட்டு வடிவில் மடித்து, மின்ஒயர்களிலிருந்து தள்ளி வையுங்கள்.

எந்தக் கேபிள்

ஆக்டிவ் சப்புக்கு வேண்டியது ஷீல்டு (சிக்னல் கம்பியைச் சுற்றியுள்ள உலோக உறை) உள்ள ஒற்றை ஆர்சிஏ கேபிள். ‘சப்வூஃபர் கேபிள்’ என்று எழுதி விற்கப்படுவதும், 75 ஓம் கோஆக்ஸ் கேபிளின் (நடுக்கம்பியைச் சுற்றி ஷீல்டு உள்ள டிவி வகைக் கேபிள்) இரு முனையிலும் ஆர்சிஏ பிளக் போட்டதும் மின்னியல்படி ஒன்றுதான். பழைய டிவிக்கு வந்த மஞ்சள் நிற வீடியோ கேபிள் வீட்டில் கிடந்தால் அதுவும் 75 ஓம் கோஆக்ஸ்தான். பிளக் உறுதியாக இருந்தால் இரண்டு மீட்டர் தூரத்துக்குத் தாராளமாகப் போடலாம். சிவப்பு வெள்ளை ஜோடியில் ஒன்றை மட்டும் பயன்படுத்தினாலும் வேலை நடக்கும், ஆனால் மலிவான ஜோடிகளில் ஷீல்டு என்பது பெயருக்குச் சில கம்பி இழைகள்தான்.

நீளக் கேபிளில் சிக்னல் தேய்ந்துபோகும் என்ற பயத்தைக் கணக்குப் போட்டுத் தீர்த்துவிடலாம். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் கொள்ளளவு உள்ள சாதாரணக் கேபிளில் 10 மீட்டர் போட்டால் 1000 பிக்கோஃபாரட். ரிசீவரின் வெளியீட்டுத் தடை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், சிக்னல் சரியத் தொடங்கும் இடம் 1,59,000 ஹெர்ட்ஸ் அருகே வருகிறது. சப்புக்கு நாம் அனுப்புவதோ 120 ஹெர்ட்ஸுக்குள். வெள்ளி பூசிய கம்பி, ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்ற விளம்பரங்கள் இந்த இடத்தில் எடுபடாமல் போவது இதனால்தான்.

ஷீல்டு விஷயம் அப்படியில்லை. ஆர்சிஏ இணைப்பில் ஷீல்டுக்கு இரண்டு வேலை. வெளியிலிருந்து வரும் மின்புலத்தைத் தடுப்பது ஒன்று. இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை: சிக்னல் திரும்பி வரும் பாதையும் அதுவே. ரிசீவரின் உடலுக்கும் சப்பின் உடலுக்கும் இடையே சில மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தாலும் ஷீல்டு வழியாக மின்னோட்டம் பாயும். அந்த ஓட்டமும் ஷீல்டின் மின்தடையும் பெருகி உண்டாகும் வோல்ட், சிக்னலோடு அப்படியே கூடிவிடும். 100 மைக்ரோஆம்ப் கசிவு ஓட்டம் 1 ஓம் ஷீல்டில் பாய்ந்தால் 100 மைக்ரோவோல்ட் ஹம். அதே ஓட்டம் 0.1 ஓம் ஷீல்டில் பாய்ந்தால் 10 மைக்ரோவோல்ட், அதாவது 20 டெசிபல் குறைவு.

அதனால் தேடவேண்டியது அடர்த்தியான செம்புப் பின்னல். பின்னல் 90 முதல் 95 சதவீதம் மூடியிருந்தால் நல்லது. அலுமினியத் தாள் மட்டும் சுற்றிய கேபிள் ரேடியோ அலைகளை நன்றாகத் தடுக்கும், 50 ஹெர்ட்ஸுக்கு அதன் தடை அதிகம். தாளும் செம்புப் பின்னலும் சேர்ந்ததே சிறந்தது. கேபிள் டிவிக்கு இழுக்கும் ஆர்ஜி-6 கேபிளில் பெரும்பாலும் அலுமினியத் தாளும் நெருக்கமில்லாத அலுமினியப் பின்னலும், நடுவில் செம்பு பூசிய எஃகுக் கம்பியும் இருக்கும். நடுக்கம்பி எஃகாக இருப்பதால் கெடுதல் இல்லை. சப்பின் உள்ளீட்டுத் தடை பல ஆயிரம் ஓம், கம்பியின் ஓரிரு ஓம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. மெலிந்த பின்னல்தான் நீளக் கேபிளில் இடைஞ்சல். நடுக்கம்பியும் பின்னலும் செம்பாக உள்ள ஆர்ஜி-6 கிடைத்தால் அதை எடுங்கள். ஆர்ஜி-6 ஏறத்தாழ 7 மி.மீ. தடிமன், விறைப்பானது, 7 செ.மீ. ஆரத்துக்குக் குறையாமல் வளைக்க வேண்டும். ரேக்குக்கும் சுவருக்கும் இடைவெளி குறைவு என்றால் சற்று மெல்லிய ஆர்ஜி-59 வசதி.

உறையில் அம்புக்குறி அச்சிட்ட கேபிள்கள் உண்டு. கரன்ட் ஒரு திசையில் நன்றாக ஓடும் என்ற கதையை நம்பவேண்டாம். அவற்றில் சிலவற்றில் உள்ளே முறுக்கிய இரட்டைக் கம்பியும், ஒரு முனையில் மட்டும் இணைத்த ஷீல்டும் இருக்கும். அம்பு சப்பைப் பார்த்தபடி போட்டால் ஷீல்டின் இணைந்த முனை ரிசீவர் பக்கம் வரும். அவ்வளவுதான் அதன் பொருள். சில கேபிள்களில் இரு முனையிலும் வால்போல ஒரு தனி எர்த் ஒயர் தொங்கும். அதை எடுத்தவுடன் இணைக்காதீர்கள். ஹம் இருந்தால் மட்டும் இணைத்துப் பாருங்கள். குறைந்தால் வையுங்கள், கூடினால் கழற்றிவிடுங்கள்.

பிளக் அளவுக்கு மீறி இறுக்கமாக இருப்பதும் குறைதான். பெரிய உலோகக் கழுத்து கொண்ட சில பிளக்குகள் கழற்றும்போது ரிசீவரின் ஜாக்கையே பெயர்த்துக்கொண்டு வரும். ஒரு கையால் ஜாக் பகுதியை அணைத்துப் பிடித்து, பிளக்கை லேசாகத் திருகியபடி இழுக்க வேண்டும். கேபிளைப் பிடித்து இழுப்பது கூடாது. தங்கப் பூச்சு துருவைத் தள்ளிப்போடும், ஒலியைக் கூட்டாது.

இணைக்கும் முறை

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சப்பின் கரன்ட் பிளக்கையும் உருவிவிட்டுத் தொடங்குங்கள். ஆர்சிஏ பிளக்கின் அமைப்பில் ஒரு குறை இருக்கிறது: செருகும்போது வெளிவளையத்துக்கு முன்பே நடு ஊசி தொட்டுவிடும். அந்த நொடியில் எர்த் இல்லாத சிக்னல் கம்பி மட்டும் ஆம்போடு சேர்ந்திருக்கும். சப் ஆன் ஆகி இருந்தால் ‘தடால்’ என்று ஓர் இடி. ஸ்பீக்கரின் கோனும் அதை அசைக்கும் ‘வாய்ஸ் காயில்’ என்ற கம்பிச் சுருளும் அதில் அடிவாங்கலாம்.

ரிசீவரில் ‘சப்வூஃபர்’, ‘சப் ப்ரீ அவுட்’, ‘எல்எஃப்இ’ (தாழ்ந்த ஒலிகளுக்கான தனிச் சேனல்) என்று எழுதியிருக்கும் ஜாக்கில் ஒரு முனை. பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் கோஆக்சியல் டிஜிட்டல் ஜாக் வடிவில் அச்சு அசலாக இதுபோலவே இருக்கும். ரேக்கின் இருட்டில் கை அங்கே போய்விடும். டார்ச் அடித்து எழுத்தைப் படித்துச் செருகுங்கள்.

சப் பக்கம் ‘எல்எஃப்இ’ என்று தனி ஜாக் இருந்தால் மறு முனை அங்கே. அது சப்பின் சொந்த வடிகட்டியைத் தாண்டிச் செல்லும் வழி. இடது, வலது என்று இரண்டு ஜாக் மட்டும் இருந்து, இடதில் ‘எல்எஃப்இ’ அல்லது ‘மோனோ’ என்று சேர்த்து எழுதியிருந்தால் அதில் மட்டும் செருகினால் போதும். ஒய் ஸ்பிளிட்டர் வைத்து இரண்டிலும் கொடுத்தால் பல சப்களில் சிக்னல் 6 டெசிபல் வரை கூடும், தரம் மாறாது. குறைந்த சத்தத்தில் சப் தானாக விழித்துக்கொள்ளாமல் தூங்கும் பிரச்சினைக்கு மட்டும் அது உதவும்.

ஒரு சப் அவுட்டிலிருந்து இரண்டு சப்புகளுக்கு ஒய் ஸ்பிளிட்டரால் பிரித்துக் கொடுப்பதில் தவறில்லை. இரண்டு வெளியீடுகளை அதே ஸ்பிளிட்டரால் ஒரே உள்ளீட்டில் சேர்ப்பது தவறு; ஒரு வெளியீடு இன்னொன்றைச் சுமையாக இழுக்கும். ரிசீவரில் இரண்டு சப் அவுட் இருந்தால் அவை தனித்தனியாகத் தாமதம் வைக்கக்கூடியவையா, உள்ளுக்குள் ஒரே சிக்னலைப் பிரித்துத் தருபவையா என்று மெனுவில் பாருங்கள். தூரமும் அளவும் இரண்டு சப்புக்கும் தனித்தனியாகக் கேட்டால் முதல் வகை.

கேபிள் போகும் வழியில் கரன்ட் ஒயரோடு இணையாக ஓடவிடாதீர்கள். குறைந்தது 30 செ.மீ. இடைவெளி, கடந்தே ஆக வேண்டுமென்றால் சரியாகச் செங்குத்தாகக் கடக்கட்டும். சுவருக்குள் போடுவதானால் மின்ஒயர் ஓடும் பைப்பில் நுழைக்கவே கூடாது, தனிப் பைப் வேண்டும். பிளக் ஏற்கெனவே பொருத்திய கேபிள் போக 25 மி.மீ. பைப்பும் கூர்மையில்லாத வளைவுகளும் தேவை. இழுக்கும்போதே ஒரு நைலான் கயிற்றையும் இரண்டாவது கேபிளையும் சேர்த்து இழுத்துவிடுங்கள். பிற்பாடு சுவரை உடைப்பதைவிட அது மலிவு.

சத்தம் வந்த பிறகு செய்யும் அமைப்புகள்

சப்பில் கிராஸ்ஓவர் குமிழை (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப் பாட வேண்டும் என்று பிரிப்பது) ‘எல்எஃப்இ’ அல்லது ‘பைபாஸ்’ நிலையில் வையுங்கள். அப்படி நிலை இல்லையென்றால் முழுவதும் மேலே திருப்புங்கள். வடிகட்டும் வேலையை ரிசீவர் செய்கிறது. இரண்டும் சேர்ந்து வடிகட்டினால் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி பள்ளமாகும். ஃபேஸ் (சப்பின் அசைவு மற்ற ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போகவைக்கும் அமைப்பு) 0, வால்யூம் பாதி. ரிசீவரில் ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ (அவற்றின் பேஸைச் சப்புக்குத் திருப்பும் அமைப்பு) என்றும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் என்றும் வைத்துத் தொடங்குங்கள்.

ரிசீவர் மைக் வைத்துச் செய்யும் தானியங்கி அளவீடு முடிந்ததும் சப்பின் அளவு மைனஸ் 12 என்று காட்டினால், பல ரிசீவர்களில் அது எல்லையைத் தொட்டு நின்றுவிட்டது என்று அர்த்தம்; உண்மையில் இன்னும் கீழே போக வேண்டியிருக்கலாம். சப்பின் குமிழைக் குறைத்து அளவீட்டை மறுபடி ஓட்டுங்கள். பூச்சியத்துக்கும் மைனஸ் 5-க்கும் இடையே வந்தால் நல்ல நிலை.

அளவீடு சொல்லும் சப்பின் தூரம், டேப் வைத்து அளந்ததைவிட ஓரிரு மீட்டர் கூடுதலாக இருக்கும். தப்பு என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். சப்புக்குள் இருக்கும் டிஜிட்டல் சர்க்யூட்டும் வடிகட்டியும் உண்டாக்கும் தாமதத்தை ரிசீவர் தூரமாகக் கணக்கிட்டிருக்கிறது. ஒரு மில்லிசெகண்ட் என்பது 34 செ.மீ. வயர்லெஸ் கருவி வைத்து கேபிளைத் தவிர்த்தால் இந்த எண் இன்னும் பெரிதாகும். 20 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் கிட்டத்தட்ட 7 மீட்டர். ரிசீவரின் மெனு அவ்வளவு இடம் கொடுக்குமா என்று பார்த்துவிட்டே வயர்லெஸ்ஸுக்குப் போங்கள். வயர்லெஸ் ஆனாலும் சப்புக்குக் கரன்ட் ஒயர் போகத்தான் வேண்டும் என்பதைப் பலர் பெட்டியைப் பிரித்த பிறகே கவனிக்கிறார்கள்.

ஃபேஸ் சரியா என்று பார்க்க 80 ஹெர்ட்ஸ் டோனை முன் ஸ்பீக்கர்களோடு சேர்த்து ஓடவிட்டு, இருக்கையிலிருந்தபடி இன்னொருவரை 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் கூடுதலோ அதுவே சரி.

ஹம்

கேபிள் மாற்றினால் போய்விடும் என்று நினைத்து மூன்று கேபிள் வாங்குவதற்கு முன், ஹம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் செருகும்போதும் சப்பை அணைப்பதை மறக்காதீர்கள்.

1. சப் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு சப்பை மட்டும் ஆன் செய்யுங்கள். அப்போதும் ஹம் இருந்தால் கேபிள் குற்றவாளி இல்லை. சப்பின் ஆம்ப் அல்லது பவர் சப்ளையைப் பார்க்க வேண்டும். சத்தம் கோனிலிருந்து வருகிறதா, பின்பக்கத் தகட்டிலிருந்து வருகிறதா என்று காது வைத்துப் பாருங்கள். தகட்டிலிருந்து வந்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு.

2. அமைதியாகிவிட்டால், சார்ஜரில் போடாத ஒரு செல்போனை அதே கேபிள் வழியாக, 3.5 மி.மீ. ஆர்சிஏ மாற்றியோடு இணையுங்கள். பேட்டரியில் ஓடும் போனுக்கு எர்த் இல்லை. ஹம் இல்லையென்றால் கேபிள் நன்றாக இருக்கிறது, பிரச்சினை எர்த் சுற்று (கருவிகளின் எர்த்துகளுக்கிடையே மின்னோட்டம் பாய்வது). ஹம் இருந்தால் கேபிளின் ஷீல்டு அறுந்திருக்கலாம் அல்லது கரன்ட் ஒயர் ஒட்டிப் போகலாம்.

3. எர்த் சுற்று என்று தெரிந்தால், ரிசீவரிலிருந்து மற்ற எல்லாக் கேபிள்களையும் கழற்றி சப்பை மட்டும் விட்டுப் பாருங்கள். ஹம் நின்றதா? இனி ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். எதைச் செருகியதும் ‘உம்ம்’ எழுகிறதோ அதுதான் வாசல்.

பெரும்பாலும் அந்த வாசல் செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி அல்லது டிஷ் கோஆக்ஸ்தான். அது வீட்டின் மின் எர்த்தோடு சேராத வேறோர் எர்த்திலிருந்து வருவதால், எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்கும், அங்கிருந்து சப் கேபிளின் ஷீல்டுக்கும் ஓட்டம் பாய்கிறது. கேபிள் டிவி என்றால் கோஆக்ஸில் ஒரு கால்வானிக் ஐசோலேட்டர் (அந்த ஓட்டத்தைத் துண்டிக்கும் சிறு கருவி) போட்டால் தீரும். டிஷ் என்றால் கவனம்: மாடியில் இருக்கும் எல்என்பிக்கு (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் பகுதி) அதே கேபிள் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. அதை மறிக்கும் ஐசோலேட்டர் போட்டால் படமே வராது. அங்கே கேபிளின் ஷீல்டை வீட்டின் எர்த்தோடு ஓர் எலக்ட்ரீஷியனைக் கொண்டு சேர்ப்பதே முறை.

எல்லாம் கழற்றியும் ஹம் நீடித்தால், சப்பும் ரிசீவரும் இரண்டு வெவ்வேறு சுவர்ப் பாயிண்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே பாயிண்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டு இரண்டுக்கும் கொடுத்துப் பாருங்கள். பலருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். மொத்தச் சுமை அந்தப் பாயிண்டுக்கு ஏற்றதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பின்னை, அதாவது எர்த்தை, உடைத்தெறிந்தால் ஹம் போகும் என்று யாராவது சொல்வார்கள். போகும்தான். சப்புக்குள் ஒரு மின்ஒயர் கழன்று உலோகத் தகட்டைத் தொட்டால் அந்தத் தகட்டில் முழு வோல்ட்டும் நிற்கும். எர்த் இல்லாததால் ஃப்யூஸும் போகாது. சப் கேபிளின் ஷீல்டு வழியாக ரிசீவர், டிவி என்று எல்லாவற்றின் உடலிலும் அது ஏறும். செய்யவே கூடாத ஒரே வேலை இது.

சப் கேபிளின் நடுவே போடும் ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கடைசி வழி. காருக்கு என்று விற்கும் சிறிய மலிவு வகைகளில் இரும்பு உள்ளகம் சிறியது; 30, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது காந்தத்தால் நிறைந்துபோய் சிக்னலைச் சிதைக்கும். சப் வாங்கியதே அந்தக் கீழ்ப்பகுதிக்காகத்தான். வாங்கினால் 20 ஹெர்ட்ஸில் எவ்வளவு அளவு தாங்கும் என்று விவரக்குறிப்பில் எழுதியிருப்பதை வாங்குங்கள்.

‘உம்ம்’ என்று இல்லாமல் ‘ஜ்ஜ்ர்ர்’ என்று கரகரத்தால் அது பெரும்பாலும் விளக்கு டிம்மர் அல்லது மலிவான எல்இடி டிரைவர். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தால் தெரிந்துவிடும்.

தூரம் அதிகம் என்றால் எக்ஸ்எல்ஆர்

15 மீட்டரைத் தாண்டும்போது, அல்லது ரிசீவரும் சப்பும் வெவ்வேறு மின்சுற்றில் இருந்தே ஆக வேண்டும்போது, இரண்டிலும் எக்ஸ்எல்ஆர் ஜாக் (மைக்குகளில் வரும் மூன்று பின் வகை) இருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். பின் 1 ஷீல்டு, பின் 2 ‘ஹாட்’ (நேர்ச் சிக்னல்), பின் 3 ‘கோல்ட்’ (எதிர்ச் சிக்னல்). 2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சப் எடுத்துக்கொள்வதால் இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துபோகும்.

ரிசீவரில் ஆர்சிஏ, சப்பிலோ பவர் ஆம்பிலோ எக்ஸ்எல்ஆர் என்ற கலப்பு அடிக்கடி வரும். கடையில் கிடைக்கும் சிறு மாற்றிப் பிளக்கைவிட, ஷீல்டுக்குள் இரண்டு கம்பி கொண்ட மைக் கேபிளால் ஒன்று செய்துகொள்வது நல்லது. ஆர்சிஏ ஊசியிலிருந்து பின் 2, ஆர்சிஏ வளையத்திலிருந்து இன்னொரு கம்பி வழியாகப் பின் 3. ஷீல்டு எக்ஸ்எல்ஆர் பக்கம் பின் 1-இலும், ஆர்சிஏ பக்கம் வளையத்திலும். எர்த் ஓட்டம் ஷீல்டோடு நின்றுவிடும், சிக்னலின் திரும்பும் கம்பி அதிலிருந்து தப்பும். அளவு வேறுபாட்டையும் நினைவில் வையுங்கள்: வீட்டுக் கருவிகளின் அளவுக்கும் தொழில்முறைக் கருவிகளின் அளவுக்கும் 12 டெசிபலை ஒட்டிய இடைவெளி உண்டு. சத்தம் குறைவாக வந்தால் அதற்குக் கேபிள் காரணமில்லை, ஆம்பின் கெயினைக் கூட்டுங்கள்.

பாசிவ் சப்புக்கு ஸ்பீக்கர் ஒயர்

இங்கே கணக்கு மாறுகிறது. ஓட்டம் ஆம்பியர்களில் போவதால் கம்பியின் தடிமன் முக்கியம். போய்வரும் மொத்தத் தடை, சப்பின் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். இழப்பு அரை டெசிபலுக்குள் நிற்கும். 4 ஓம் சப்புக்கு, சுத்தச் செம்பு 1.5 சதுர மி.மீ. ஒயர் எட்டரை மீட்டர் வரை, 2.5 சதுர மி.மீ. 14 மீட்டர் வரை, 4 சதுர மி.மீ. 23 மீட்டர் வரை தாங்கும். 8 ஓம் என்றால் இந்தத் தூரங்களை இரட்டிப்பாக்குங்கள்.

‘செம்பு’ என்று விற்பதில் பல, செம்பு பூசிய அலுமினியம். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். சுருளைக் கையில் தூக்கினாலே எடை குறைவு புலப்படும். அதை வாங்கிவிட்டால் மேலே சொன்ன தூரங்களில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். முனைகளில் ஒரு இழைகூட பக்கத்து முனையைத் தொடாமல் முறுக்கி, பனானா பிளக் போடுங்கள். தலா 4 ஓம் கொண்ட இரட்டை வாய்ஸ் காயில் சப்பில், இரண்டையும் இணையாகச் சேர்த்தால் 2 ஓம், தொடராகச் சேர்த்தால் 8 ஓம். ஆம்ப் 2 ஓம் தாங்கும் என்று எழுதியிருந்தால் ஒழிய இணையாகச் சேர்க்காதீர்கள். சத்தம் ஏற்றியதும் அணைந்துவிடும்.

சப் அவுட் இல்லாத ஸ்டீரியோ ஆம்ப்

இதற்குத்தான் ஆக்டிவ் சப்களில் ‘ஹை லெவல்’ உள்ளீடு. ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே மெல்லிய ஒயர் ஒன்றை இணையாக எடுக்க வேண்டும். சப் அதிலிருந்து மிகச் சிறிய ஓட்டமே எடுப்பதால் தடிமன் தேவையில்லை. ரெல் நிறுவன சப்களோடு வரும் ஸ்பீக்கான் (திருகிப் பூட்டும் பிளக்) கேபிளில் சிவப்பு வலது பிளஸ்ஸுக்கு, மஞ்சள் இடது பிளஸ்ஸுக்கு, கறுப்பு ஏதாவதொரு மைனஸுக்கு. கிளாஸ் டி, பிரிட்ஜ் வகை ஆம்புகளில் மட்டும் கறுப்பை மைனஸில் கொடுக்கக் கூடாது. அவற்றின் மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடுகிறது, அது எர்த் கிடையாது. இணைத்தால் ஹம் வரும், ஆம்பும் போகலாம். கறுப்பை ஆம்பின் உடலில் ஒரு திருகில் பிடிக்க வேண்டும். ஆம்ப் எந்த வகை என்று கையேட்டில் பார்க்காமல் இந்த ஒயரைத் தொடாதீர்கள்.

நீங்களே பிளக் போடுவதானால்

ஆர்ஜி-6 கேபிள், அதற்கேற்ற கம்ப்ரெஷன் வகை ஆர்சிஏ பிளக், கோஆக்ஸ் ஸ்ட்ரிப்பர், கம்ப்ரெஷன் கருவி, மல்டிமீட்டர். ஸ்ட்ரிப்பர் நடுக்கம்பியை 6 மி.மீ. நீளத்துக்கும், அதன் கீழே வெள்ளை நுரையை இன்னொரு 6 மி.மீ. நீளத்துக்கும் வெளிக்காட்டும். பின்னலை முழுவதும் பின்பக்கமாக மடித்து வெளியுறையின் மேல் படியவையுங்கள். தாள் நுரையோடு ஒட்டியிருக்கட்டும். நடுக்கம்பியில் மெல்லிய நுரைப் படலம் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டுங்கள், கத்தி வேண்டாம். கம்பியில் கீறல் விழுந்த இடத்தில்தான் பின்னால் ஒடியும். பிளக்கின் உள்ளே நுரையின் முகம் அடிமட்டத்தோடு சமமாக வரும்வரை தள்ளி, கருவியால் அழுத்துங்கள். சால்டர் (உருக்கிப் பற்றவைக்கும்) வகை பிளக் என்றால் சூட்டை இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள். நுரை உருகி நடுக்கம்பி ஓரமாக நகர்ந்து பின்னலைத் தொட்டுவிடும்.

சுவருக்குள் தள்ளுவதற்கு முன் மல்டிமீட்டரால் பாருங்கள். ஊசிக்கு ஊசி, வளையத்துக்கு வளையம் ஓர் ஓம் அல்லது அதற்குக் கீழ். எஃகு நடுக்கம்பியில் 10 மீட்டருக்கு ஊசிப் பக்கம் ஓர் ஓமை ஒட்டிக் காட்டினால் கவலையில்லை. ஊசிக்கும் வளையத்துக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது. பீப் வந்தால் எங்கோ ஒரு பின்னல் இழை நடுக்கம்பியைத் தொடுகிறது. பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போடுங்கள். மீட்டர் இணைந்தபடியே இரு பிளக்குகளையும் லேசாக ஆட்டிப் பாருங்கள். எண் துள்ளினால், படம் பார்க்கும்போது சப் அதே இடத்தில் படபடக்கும்.